பிள்ளைகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை அம்மா:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. மதியம் மூன்று மணி வரை ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தபோது, பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படிப்பதாகத் திட்டம். பத்து நாள்கூட ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்ததுமே கண் சொக்கிவிடும்.

பிறகு ஒரு வாரம் என் நாள் எப்படிப் போகிறது என்று கவனித்தேன். பள்ளி விடுவதற்கு முன்னால் வாசலில் நிற்பது கால் மணி நேரம். குக்கரில் பருப்பு நாலு விசில் வரும் வரை ஒரு பத்து நிமிடம். ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரி வரிசை. அந்த நேரமெல்லாம் கையில் போன்தான் இருந்தது. படிக்க என்றே எடுத்தாலும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது வந்திருக்கும், அதோடு போச்சு.

அதனால் காகிதத்துக்கு மாறினேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களில் வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து நாலாக மடித்துக்கொண்டேன். ஒரு தாளுக்கு ஒரே விஷயம்: ஒரு குறள் அதிகாரம், இல்லையென்றால் இருபது பிரித்தெழுதுக, இல்லையென்றால் வேர்ச்சொல். மறுநாள் தாளை முந்தின நாள் இரவே சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவேன். எனக்குப் பலித்தது இதுதான். நேரம் கிடைத்த பிறகு எதைப் படிக்கலாம் என்று தேட ஆரம்பித்தால், தேடி முடிக்கும்போது மணி அடித்துவிடும்.

தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். அந்த நூறுக்கு இந்தத் தாள்கள் போதும் என்று தைரியமாகச் சொல்வேன். கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. கூட்டுவட்டி பாதி போட்டிருக்கும்போது விசில் வந்தால் திரும்ப முதலிலிருந்து. அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான், பிள்ளைகளை அவர் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்.

பள்ளி வாசல் வாட்ச்மேன் ஐயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "என்னம்மா, தினமும் ஒரு சீட்டைப் பார்த்து முணுமுணுக்கிற?" என்று ஒருநாள் கேட்டார். தாளை வாங்கிக் குறளின் முதல் அடியை வாசித்தார், இரண்டாவது அடியை நான் சொன்னேன். மறுநாளிலிருந்து அவரே கையை நீட்டிவிடுவார். நான் தடுமாறினால் விடையைச் சொல்லவே மாட்டார். "வீட்டுக்குப் போய் யோசி, நாளைக்குச் சொல்லு" என்பார். அப்படி அவர் நிறுத்திவைத்த குறள் ஒன்றுகூட எனக்கு மறந்ததில்லை. முதல் தடவை எழுதியபோது தமிழில் நல்ல மதிப்பெண், கணக்கு இழுத்துவிட்டது. இப்போது இரண்டாவது தடவைக்குப் படிக்கிறேன். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நெல்லை டீச்சர்:

உங்கள் வாட்ச்மேன் ஐயா செய்தது ரொம்பச் சரி. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்விட்டு நாள் பிரித்துப் படித்தால் நிற்கும் என்பதையும் அவர் கண்டார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்.

தாம்பரம் அப்பா:

என் கதை வேறு மாதிரி, சகோதரி. பீச் ஸ்டேஷன் பக்கம் வேலை. மின்சார ரயில் பிடித்து வீடு வரும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் ஸ்கூட்டரில் பள்ளியில் விடும் பன்னிரண்டு நிமிடம்தான் நாங்கள் இருவரும் முழித்திருக்கும் நேரம். அதையும் வீணாக்கக் கூடாதென்று ஹெல்மெட்டுக்குள் புளூடூத் மாட்டி அலுவலகப் பேச்சையெல்லாம் முடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளி வாசலில் இறங்கியவள், "அப்பா, நீ யார்கூடப் பேசிட்டு வந்த? நான் உன்கிட்டதான் பேசிட்டு வந்தேன்" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் என்ன சொல்லிக்கொண்டு வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளே புளூடூத்தைக் கழற்றி வைத்தேன். அலுவலகப் பேச்சு இப்போது பிளாட்பாரத்தில்.

மூன்று வயதுக்காரனின் அம்மா:

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் சொல் வரவில்லை. அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனோம். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு ஒருநாள், முக்கால் மணி நேரம். மற்ற ஆறு நாளும் வீட்டில் நான் என்ன செய்கிறேனோ அதுதான் பயிற்சி என்று அங்கிருந்த மேடம் சொன்னார். எனக்குப் பயமாகிவிட்டது. வேலைக்கும் போய்க்கொண்டு தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் ஏது?

அவர்தான் வழி காட்டினார். "தனியா உட்கார வேண்டாம்மா. குளிப்பாட்டும்போது, தோசை சுடும்போது செய்யுங்க. பொருளைக் காட்டிப் பேரைச் சொல்லிட்டு நிறுத்துங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அவன் வாய் திறக்க இடம் கொடுங்க." கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும், அந்த ஐந்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று. அவன் கண்ணால் காட்டியதுமே தட்டில் போட்டுக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது. அவன் பேசவேண்டிய இடத்தையெல்லாம் நானே அடைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தோசையைத் திருப்பியில் எடுத்து, "தோசை" என்று சொல்லிவிட்டு நிற்பேன். முதலில் அழுதான். பிறகு என் வாயையே பார்த்தான். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, "தோ" என்றான். அடுப்பை அணைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இப்போது "தோசை தா", "இன்னும்", "போதும்" எல்லாம் வருகிறது. பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்றால், "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்பவர்களைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் காட்டுங்கள்.

மதுரை அம்மா:

தாம்பரம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று மாற்றினேன். பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் ஏழெட்டு நிமிடமும் மனதுக்குள் குறள் சொல்லிக்கொண்டுதான் வருவேன். இன்று மணி அடித்ததும் தாளை வாட்ச்மேன் ஐயாவிடமே கொடுத்துவிட்டேன். சின்னவன் வழி முழுக்க ஒரு ஓணானைப் பற்றிச் சொன்னான்.

தாள்கள் பற்றித் தனியாகக் கேட்ட தங்கைக்கு: ஆறாம் வகுப்புத் தமிழிலிருந்தே தொடங்கும்மா, எளிதாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடு. தப்பாகச் சொன்னதை எழுதிவைக்கப் பின்பக்கம் வேண்டும்.