கொலைச் செய்தியில் காதலுக்கு என்ன வேலை?

பள்ளத்தூர் டீச்சர்:
நேற்று இங்கே ரஸ்தாக்காரர் எழுதியிருந்தார்: "பேப்பரும் சினிமாவும் கண்ணாடி. ஊரில் நடப்பதைத்தான் காட்டும்." படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்தச் செய்திகளில் "ஒருதலைக் காதல்" என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அங்கே காதல் எங்கே இருந்தது?

ரஸ்தாக்காரன்:
ஆச்சி, அது பேப்பர்காரன் கண்டுபிடித்த சொல் இல்லை. தொல்காப்பியத்திலேயே கைக்கிளை என்று ஒருதலைக் காதல் இருக்கிறது. 1939லேயே கம்பன் கழகம் கண்ட காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

பள்ளத்தூர் டீச்சர்:
இருபத்தெட்டு வருடம் அதைத்தான் நடத்தினேன், தம்பி. கைக்கிளையில் வருகிறவன் பதில் வராமல் தானே பேசித் தானே மகிழ்கிறவன். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவன் இல்லை.

என் மாணவி ஒருத்தி காரைக்குடிக்குக் கல்லூரிக்குப் போய்வந்தாள். ஒருவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று தடவை ஹாரன் அடிப்பான். முதலில் ஜன்னலோர இருக்கையை விட்டாள். அப்புறம் பூ வைப்பதை விட்டாள். நான்கு மாதத்தில் படிப்பையே விட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் "ஹீரோ வந்துட்டான்" என்று சிரித்தார்களாம். அந்த ஹீரோ எந்தக் கண்ணாடியிலிருந்து இறங்கி வந்தான்?

கானாடுகாத்தான் வளவு:
சினிமாவைத் திட்டுவது சுலபம். ஷூட்டிங் வாடகை வருவதால்தான் இங்கே சில செட்டிநாட்டு வீடுகளில் ஓடு மாற்ற முடிகிறது.

ரஸ்தாக்காரன்:
அப்படிச் சொல்லுங்கள். 1947இல் வந்த "நாம் இருவர்" படத்தை ஏவிஎம் எடுத்ததே எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில். சரி, காதல் கைகூடாதவர்கள் பனை மடலில் குதிரை செய்து ஊரறிய ஏறினார்களே, அந்த மடலேறுதலையும் குற்றம் என்பீர்களா?

பள்ளத்தூர் டீச்சர்:
மடலேறுவதைப் பெருந்திணையில் தள்ளினார் தொல்காப்பியர். பொருந்தாக் காமம். அவருக்கே பொருந்தாதது உங்களுக்குப் பொருந்துகிறது. வாடகையைப் பற்றி யார் கேட்டது? அந்த வீட்டு முகப்பில் எடுக்கிற படத்தில் அவள் முடியாது என்கிறாள், அவன் பின்னாலேயே போகிறான், கடைசியில் அவள் சிரிக்கிறாள். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு "முடியாது" என்பது "இன்னும் கொஞ்சம் சுற்று" என்றுதான் காதில் விழும்.

செக்காலை வக்கீல்:
பெண்ணைப் பின்தொடர்வதைத் தண்டிக்க 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்தது. 2024 ஜூலையிலிருந்து, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று அவள் தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் பின்தொடர்ந்தால் குற்றம். அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணித்தாலும் குற்றம். காதல் என்ற பேச்சே அதில் இல்லை.

ரஸ்தாக்காரன்:
வக்கீல் சார், சட்டம் இருக்கட்டும். கைக்கிளை தமிழ்ச் சொல். அதைத்தான் சொல்கிறேன்.

பள்ளத்தூர் டீச்சர்:
1998இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தின் பெயரிலேயே "ஈவ் டீசிங்" இருந்தது. விளையாட்டுக்குச் சீண்டுவது மாதிரி. பிறகு அதைப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று மாற்றினார்கள். சட்டமே பெயரை மாற்றிக்கொண்டது, பேப்பருக்கு என்ன தடை?

ரஸ்தாக்காரன்:
அப்படியானால் "கைக்கிளை" என்றே போடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீச்சர்:
போடக் கூடாது! முதலிலிருந்து படியுங்கள், தம்பி.

கானாடுகாத்தான் வளவு:
முகப்பில் ஷூட்டிங் எடுப்பதில் என்ன தப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ரஸ்தாக்காரன்:
படித்துவிட்டேன் ஆச்சி. கைக்கிளை என்றால் ஒருதலைக் காதல்தான்.