சிக்ஸ்லைன் ராஸ் மீனைக் ‘கடைசியாக’ விட்டால் சண்டை வராதாம்!

உவர்நீர்:
பவளங்களோடு கடல் மீன்களை வளர்க்கும் சிறிய பவளத் தொட்டியில் எந்தெந்த மீன்கள் ஒத்து வாழும் என்று நம் மன்றத்துக்குப் புதியவரான ‘சிறுதொட்டி’ கேட்டதற்கு நீலத்திரை அளித்திருக்கும் பதில் இது: “100 லிட்டர் தொட்டியில் இரண்டு க்ளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு ராயல் கிராமா ஆகியவற்றை முதலில் விட்டு, சிக்ஸ்லைன் ராஸைக் கடைசியாக விட்டால் எந்தச் சண்டையும் வராது.” எந்தச் சண்டையும் வராதாம்! சிக்ஸ்லைன் ராஸ் நன்றாக வளர்ந்தாலும் 8 முதல் 10 செ.மீ. நீளம்தான், ஆனால் தொட்டி முழுவதற்கும் தன் பெயரில் பட்டா இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். கடைசியாக விட்டால் அந்த நினைப்பு வரச் சில வாரங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நானும் அதைக் கடைசியாகத்தான் விட்டேன். மூன்று மாதம் வரை அமைதி நிலவியது. அதன்பின் ராஸ் பாறையின் இடப்புறம் மறைந்து வலப்புறம் வெளிவரும்; ஒவ்வொரு சுற்றிலும் ஃபயர்ஃபிஷுக்குச் சற்று நெருக்கமாக வரும். ஃபயர்ஃபிஷ் தன் முதுகிலுள்ள நீண்ட இழையைப் பட் பட்டென்று ஆட்டிக்கொண்டு மணலுக்கு ஒரு சாண் மேலே மிதக்கும் மீன். முதலில் அந்த இழை பாதியாயிற்று. பிறகு அந்த மீன் பம்புக்குப் பின்னால் ஒடுங்கியது; தீனி போட்டாலும் வெளியே வரவில்லை. ஒரு காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. இதைத்தான் சண்டை வராது என்கிறாரா?

நீலத்திரை:
உவர்நீர் ஐயாவின் துயரத்தில் பங்கு கொள்கிறேன். ஆனால் தொட்டிக்கு வலை மூடி போடாதவர் அவர், பழி சுமப்பது ராஸ். ஃபயர்ஃபிஷ் யாரும் துரத்தாமலேயே குதிக்கக்கூடிய மீன் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அதைவிட முக்கியமான ஒன்றை அவர் வசதியாக மறந்துவிட்டார். ராஸை விட்டு மூன்று வாரம் கழித்து மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் க்ளீனர் இறால்கள் இரண்டை விட்டதாகச் சென்ற ஆண்டு இங்கே எழுதியவர் அவரே. அப்படியானால் அந்தத் தொட்டிக்குக் கடைசியாக வந்தது ராஸ் அன்று, இறால். நான் எழுதிய சொல் ‘கடைசியாக’ என்பது.

உவர்நீர்:
நாம் பேசிக்கொண்டிருப்பது மீன்களை விடும் வரிசையைப் பற்றி. இறால் எப்போது மீனாயிற்று?

நீலத்திரை:
‘இறால் மீன்’ என்று ஊர் உலகமே சொல்கிறது. அது கிடக்கட்டும், ராஸின் கண்ணுக்குப் புதிதாக வந்த எதுவும் புதிய வரவுதான். இறாலைத் துரத்திப் பழகிய மீன் அடுத்து ஃபயர்ஃபிஷைத் துரத்தாமல் என்ன செய்யும்?

உவர்நீர்:
ஊர் உலகம் நட்சத்திர மீன் என்றும் சொல்கிறது, திமிங்கிலத்தையும் மீன் என்கிறது. அவற்றையும் தங்கள் 100 லிட்டர் தொட்டியின் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ராஸ் அந்த இறால்களை ஒருநாளும் துரத்தவில்லை. மாறாக, அவற்றின் முன்னால் வந்து நின்று உடலைச் சுத்தம் செய்துகொண்டது. இரவில் அது பாறை இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளி போன்ற உறை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கும். அப்போதும் இறால்கள் அதன் மேலேயே நடமாடும். என் தொட்டியில் நடந்தது எனக்குத் தெரியாதா, தங்களுக்குத் தெரியுமா?

பாறைநிழல்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். ‘சிறிய தொட்டி’ என்று எத்தனை லிட்டரைச் சொல்கிறோம், ‘ஒத்துப்போவது’ என்றால் எத்தனை காலத்துக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. கடலில் தோற்ற மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். தொட்டியிலோ அது எங்கே ஒளிந்தாலும் வென்ற மீனின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நீர் அளவைவிட, ஒன்றையொன்று காணாதபடி ஒதுங்கப் பாறைகளில் எத்தனை மறைவிடங்கள் உள்ளன என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

நீலத்திரை:
அளவைப் பற்றி யாரும் ஐயம் எழுப்பவில்லை. கேள்வி, ராஸ் கடைசியாக வந்ததா இல்லையா என்பதுதான்.

உவர்நீர்:
வந்தது. கடைசி மீனாக வந்தது. இதை இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீலத்திரை தம் ‘ராயல் கிராமா’ என்று படம் போட்டிருக்கிறாரே, அது கிராமாவே அன்று. கிராமாவின் உடலில் ஊதா நிறம் சிறிது சிறிதாகக் கரைந்து மஞ்சளாக மாறும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். படத்தில் உள்ள மீனிலோ ஊதாவும் மஞ்சளும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் பிரிகின்றன, புள்ளியையும் காணவில்லை. அது டாட்டிபேக் என்னும் வேறு மீன். கரீபியக் கடலின் கிராமா தன் குகை வாசலில் வாயைப் பிளந்து மிரட்டுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும்; டாட்டிபேக்கோ எதிராளியைத் தேடிப்போய்க் கடிக்கும். தம் தொட்டியில் இருப்பது எந்த மீன் என்றே அறியாதவர், அடுத்தவர் தொட்டியில் கடைசியாக வந்தது எது என்று தீர்ப்புச் சொல்கிறார்.

நீலத்திரை:
அது விளக்கொளியால் அப்படித் தெரிகிறது. நீல விளக்கின் கீழ் எடுத்த படத்தை வைத்து நிறம் பார்ப்பவரிடம் என்ன பேசுவது? மேலும், ஆறு மாதம்கூட ஆகாத தொட்டியில் மாண்டரின் மீனை விடலாம் என்று இதே உவர்நீர் ஒருவருக்கு அறிவுரை சொன்னதை நான் மறக்கவில்லை. பாறையில் ஊரும் கோபிபாட் போன்ற மிகச் சிறிய உயிரினங்களைப் பகல் முழுவதும் கொத்தித் தின்றால்தான் உயிர் தரிக்கும் மீன் அது. அந்த மீன் வயிறு ஒட்டிச் செத்தது.

உவர்நீர்:
உறைந்த தீனிக்குப் பழகிய மாண்டரினை விடலாம் என்றுதான் எழுதினேன். அந்த முதற்பாதியை மட்டும் இவர் விட்டுவிடுவார். தனக்கு வேண்டிய பாதியை மட்டும் படிப்பவருக்கு ‘கடைசி மீன்’ என்பதில் ‘கடைசி’ மட்டும் கண்ணில் படுவதில் வியப்பில்லை. தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இவர் அமைதியானவை என்று சொல்லும் க்ளவுன்களைப் பற்றியும் யாராவது இவருக்கு எடுத்துச் சொன்னால் நல்லது. இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஓங்கி வளர்வது பெண்ணாகும், மற்றது ஆணாகவே நிற்கும். முட்டையிடத் தொடங்கியபின் கண்ணாடியைத் துடைக்கப் போகும் கையையே அந்தப் பெண் கடிக்கும். ஆக, அவரது பட்டியலில் சண்டைக்காரர் இருவர், டாட்டிபேக்கையும் சேர்த்தால் மூவர். ராஸை முதலில் விட்டாலென்ன, கடைசியில் விட்டாலென்ன?

நீலத்திரை:
கடைசியில் விட்டாலென்ன என்று அவரே கேட்டுவிட்டார்! கடைசியாக விடவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி ஒப்புக்கொள்வது?

உவர்நீர்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் வினா வடிவில் எழுதினால் அது ஒப்புதல் ஆகிவிடாது.

கடலோடி:
என் 120 லிட்டர் தொட்டியில் ராஸ் இரண்டு ஆண்டுகளாக ஒருவரையும் தொட்டதில்லை. அதை நான் முதல் மீனாக விட்டேன்.

நீலத்திரை:
அது விதிவிலக்கு.

உவர்நீர்:
அது இன்னும் மூன்றாம் ஆண்டைப் பார்க்கவில்லை.

சிறுதொட்டி:
தாங்கள் அனைவரும் எனக்காக நேரம் செலவிட்டதற்கு நன்றி. என்னுடையது 75 லிட்டர் தொட்டி. பாறையும் மணலும் போனால் 60 லிட்டர் நீர் தேறினால் அதிகம். உப்பு அடர்த்தி 1.025-இல் நிற்கிறது. இன்னும் மீன் எதுவும் விடவில்லை. பாறையோடு வந்த ஒரு துறவி நண்டு மட்டும் இருக்கிறது. பிஸ்டல் இறாலும் அதோடு ஒரே வளையில் வாழும் வாட்ச்மேன் கோபி மீனும் மட்டும் போதுமா, அவற்றோடு ராஸும் சேருமா என்பதே என் கேள்வி. வரிசையில் அந்த நண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

நீலத்திரை:
கட்டாயம் சேர்க்க வேண்டும். முதலில் வந்தது நண்டு.

உவர்நீர்:
நண்டு மீன் அன்று. தங்கள் தொட்டியில் இன்னும் எந்த மீனும் வரவில்லை. ஆகவே அடுத்து எதை விட்டாலும் அதுவே முதல் மீன். இறாலை விட்டாலும் அது முதல் மீன் ஆகாது. இதை நீலத்திரை நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீலத்திரை:
படித்தேன். அப்படியானால் க்ளீனர் இறால்களை விட்ட தேதியை மட்டும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.