கோத்தகிரிக் குளிருக்கு எந்தத் தக்காளி?

கோத்தகிரிவாசி:
பி.கே.எம் 1 ரகத் தக்காளி, செர்ரி தக்காளி, கலிஃபோர்னியா வொண்டர் குடைமிளகாய் மூன்றையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைத்திருக்கிறேன். செர்ரி கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. பி.கே.எம் பூத்துப் பூத்து உதிர்கிறது. குடைமிளகாய் பச்சையாகவே நிற்கிறது, சிவப்பேனா என்கிறது. பி.கே.எம்மைப் பிடுங்கிவிடலாமா?

குன்னூர்த் தோட்டம்:
அது பெரியகுளத்து ரகம்ங்க, சமவெளி வெயிலுக்குத் தோதானது. ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாகச் சேராது, பூ கொட்டிவிடும். மார்ச்சில் நட்டுப் பாருங்கள். குடைமிளகாய் குளிரில் பழுக்க நாளாகும். பச்சையாகவே பறித்தால் அடுத்த காய் சீக்கிரம் பிடிக்கும்.

கொடைக்கானல்காரன்:
செர்ரியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் பின்கருகல் வந்தால் எதுவும் தப்பாது. இலை ஓரம் எண்ணெய் பட்டது போல் கறுக்கும், திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை. உருளைக்கிழங்குக்கு வருகிற அதே நோய்தான். பக்கத்தில் கிழங்கு போட்டிருந்தால் உஷார்! மேலே பாலித்தீன் கூரை போடுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும்.
ரசத்துக்கென்றால் மரத்தக்காளி ஒன்று வையுங்கள். தோலை மட்டும் உரித்துவிட வேண்டும், கசக்கும்.

கோத்தகிரிவாசி:
அடுத்த வீட்டில் கிழங்குதான்! சரி, கூரைக்கு மூங்கில் சொல்லிவிட்டேன். மரத்தக்காளி நாற்று யாரிடமாவது இருக்கிறதா?