ராக்கெட் கைக்குள் திரும்புகிறது: அளவு பெரிதா, நான் பிடிப்பது தப்பா?

ஷட்டில்_விட்டவன்

வணக்கம் நண்பர்களே. பல வருடம் ஷட்டில் ஆடிவிட்டு இப்போதுதான் டென்னிஸுக்கு வந்திருக்கிறேன். வலக்கை. ராக்கெட் 300 கிராம், கைப்பிடியின் அடியில் 3 என்று போட்டிருக்கிறது. அதன் மேல் ஓர் ஓவர்கிரிப்பும் (கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய நாடா) சுற்றியிருக்கிறேன்.

பந்து நடுவில் படாமல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பட்டால் ராக்கெட் கைக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அடுத்த பந்துக்கு பயந்து இறுக்கிப் பிடிக்கிறேன். ஆடி முடித்ததும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக் கூட முன்கையில் தெம்பு இருப்பதில்லை. ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அடிக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்கிறது.

கூட ஆடுகிறவர்களில் ஒருவர், "தடித்த பிடி வாங்கு, திரும்பாது" என்கிறார். இன்னொருவர், "நடாலே 2தான் வைத்திருந்தார், நீ இன்னும் சின்னதாகப் போ" என்கிறார். எப்படி முடிவு செய்வது? அப்புறம் கான்டினென்டல், ஈஸ்டர்ன் என்று பிடிக்கும் முறைகளில் எதில் தொடங்கினாலும் நாலு பந்து போனதும் கை தானாகப் பழைய ஷட்டில் பிடிக்கே போய்விடுகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

நெட்டோரம்

முதலில் விரல் சோதனை. ஃபோர்ஹேண்ட் அடிக்கிற மாதிரி ராக்கெட்டைப் பிடியுங்கள். மோதிர விரல் நுனிக்கும் கட்டைவிரலின் அடிச்சதைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இடது கை ஆள்காட்டி விரலை அதில் வையுங்கள். கச்சிதமாக உட்கார்ந்தால் சரி. நுழையவே இல்லை என்றால் பிடி சின்னது, விரல் போயும் இடம் மிச்சமிருந்தால் பெரியது.

ஸ்டிரிங்_கட்டுபவர்

விரல் சோதனை நல்லதுதான், ஆனால் ஆளாளுக்கு விரல் தடிமன் வேறு. ஓர் அளவுகோலையும் எடுங்கள் தம்பி. வலது உள்ளங்கையை விரித்து வைத்தால் குறுக்காக இரண்டு பெரிய ரேகைகள் ஓடும். விரல்களிலிருந்து எண்ணி இரண்டாவது ரேகையில் தொடங்கி மோதிர விரல் நுனி வரை அளக்க வேண்டும். வருகிற நீளம்தான் கைப்பிடியின் சுற்றளவு. 4 அங்குலம் என்றால் 0. அங்கிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் 1/8 அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், கூடிக்கொண்டே போகும். 2 என்பது 4 1/4 அங்குலம், உங்கள் 3 என்பது 4 3/8. ஓர் ஓவர்கிரிப் சுற்றினால் ஏறக்குறைய அரை அளவு ஏறும். ஆக நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது 3 இல்லை, மூன்றரை.

இரண்டு எண்ணுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுங்கள் என்பேன். தடிப்பாக்க ஓவர்கிரிப் இருக்கிறது, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையும் இருக்கிறது. இளைக்க வைப்பதுதான் கஷ்டம். மரக் கைப்பிடியை இழைத்த காலம் போய்விட்டது. இப்போது பல ராக்கெட்களில் உள்ளே ஃபோம் வார்ப்பு, அதைச் சீவப் போனால் கைப்பிடியின் எட்டுப் பக்கப் பட்டைகளின் வடிவமே கெட்டுவிடும். எண் ஒன்றாக இருந்தாலும் கையில் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஹெட் பிராண்ட் கைப்பிடி கொஞ்சம் தட்டையாக, செவ்வக வாட்டத்தில் இருக்கும். வில்சன் அதைவிட உருண்டை. எண்ணை மட்டும் பார்த்து வேறு பிராண்டுக்கு மாறுகிறவர்கள் அடுத்த வாரமே என்னிடம் வந்து நிற்பார்கள்.

நடால் 2 வைத்திருந்தது உண்மைதான். அவர் கையும் அவர் சுழற்றும் டாப்ஸ்பின்னும் (பந்தை முன்னோக்கிச் சுழல வைக்கும் அடி) நமக்கு வருமா? விடுங்கள்.

திரும்புவதற்கு வருகிறேன். நடுக்கோட்டை விட்டுப் பந்து விலகிப் பட்டால் எந்த ராக்கெட்டும் திருகத்தான் செய்யும். ரொம்பச் சின்னப் பிடி என்றால் அதைத் தடுக்க அதிகம் இறுக்க வேண்டிவரும். ரொம்பப் பெரிது என்றால் விரல்கள் சுற்றி வளைக்காது, மணிக்கட்டும் மடங்காது. ஆனால் என்னிடம் "திரும்புகிறது" என்று வருகிற ராக்கெட்களில் பெரும்பாலானவற்றில் நான் பார்ப்பது வியர்வையில் பளபளத்துப்போன ஓவர்கிரிப். அளவைக் குறை சொல்லுமுன் அதைக் கழற்றி எறியுங்கள். கை அதிகம் வியர்த்தால் பிசுபிசுப்பு வகை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சும் உலர் வகையை எடுங்கள்.

பிசியோ_மாலா

முழங்கை வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிடி அளவு தப்பானால் டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க வலி) வரும் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். நீங்கள் மேலே படித்த மோதிர விரல் அளவு, நிர்ஷ்ல் என்ற எலும்பு மருத்துவர் பரிந்துரைத்தது. 2006இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் அந்த அளவையும், அதைவிட 1/4 அங்குலம் சிறிய, பெரிய பிடிகளையும் கொடுத்து, வலியில்லாத கல்லூரி வீரர்களின் முன்கைத் தசைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1/4 அங்குலம் என்றால் இரண்டு எண் தாண்டுவது. அதனால் அரை எண் வித்தியாசத்தின் மேல் எல்லாப் பழியையும் போட மாட்டேன்.

நீங்கள் ஷட்டில்காரர் என்பதால் ஒரு சந்தேகம். பேக்ஹேண்டில் கட்டைவிரலைக் கைப்பிடியின் பின்பட்டையில் நேராக வைத்துத் தள்ளுகிறீர்களா? ஷட்டில்காக் 5 கிராம் சுமார். டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது. மணிக்கட்டைச் சொடுக்கி அதைத் தள்ளினால் முழங்கைக்கு வெளியே ஒட்டியிருக்கிற தசைநார்தான் தாங்க வேண்டும். ஸ்டிரிங் விறைப்பான பாலியெஸ்டராக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சில வாரம் ஓய்வெடுத்தும் வலி போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஷட்டில்_விட்டவன்

மாலா மேடம், பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள். கட்டைவிரல் அங்கேதான் போகிறது! ஸ்டிரிங் பாலியெஸ்டர்தான்.

அளந்தேன், 107 மி.மீ. விரல் வைத்தால் பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறது. ஓவர்கிரிப்பைக் கழற்றினேன், இடைவெளி குறைந்தது, ஆனாலும் கொஞ்சம் இருக்கிறது. இதற்காகப் புது ராக்கெட் வாங்க வேண்டுமா?

ஸ்டிரிங்_கட்டுபவர்

வேண்டாம். 107 என்றால் உங்களுக்கு 2. கையில் இருப்பது ஓர் எண்தான் பெரிது. அடியில் இருக்கிற மெத்தென்ற கிரிப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய வகை ஒன்றைச் சுற்றச் சொல்லுங்கள். தோல் கிரிப் என்றால் எடை சில கிராம் கூடும், ஆனால் பட்டைகளின் விளிம்பு கைக்கு நன்றாகத் தெரியும். பிடி நழுவிப்போகிற உங்களுக்கு அதுதான் தேவை. மேலே மெல்லிய ஓவர்கிரிப். சுற்றும்போது ஒன்றின் மேல் ஒன்று அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏற ஏறத் தடிக்கும்.

இனி பிடிப்பது. ராக்கெட்டின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கட்டும், கைப்பிடியின் அடி உங்களைப் பார்க்கட்டும். எட்டுப் பட்டைகள் தெரியும். உச்சியில் இருப்பது 1, வலக்கைக்காரர் கடிகார முள் திசையில் எண்ண வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிமூட்டு எந்தப் பட்டையில் உட்காருகிறது என்பதுதான் கணக்கு. 2 என்றால் கான்டினென்டல்: சர்வீஸ், வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), ஸ்லைஸ் (பந்தைச் சீவி அடிப்பது) எல்லாம் இதில். 3 ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட், 4 செமி-வெஸ்டர்ன், 5 வெஸ்டர்ன். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு 1.

உங்கள் ஷட்டில் பிடி கிட்டத்தட்ட 2இல் விழுகிறது. சர்வீஸுக்கு அது வரம், மாற்றாதீர்கள். ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் 3க்குப் போங்கள். உள்ளங்கையை ஸ்டிரிங் மேல் தட்டையாக வைத்து அப்படியே கைப்பிடிக்கு இறக்கினால் 3 கிடைத்துவிடும். அது பழகின பிறகு 4 வேண்டுமா என்று பார்க்கலாம். எடுத்த எடுப்பில் வெஸ்டர்ன் வேண்டாம், தாழ்வாக வருகிற பந்தில் திண்டாடிப்போவீர்கள்.

கை பழையபடி போவதற்குக் காரணம், அடிக்கிற கையாலேயே பிடியை மாற்றப் பார்ப்பது. இரண்டு பந்துக்கு நடுவே இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கை ராக்கெட்டைத் திருப்பட்டும், வலது கை தளர்ந்தே இருக்கட்டும். 3ஆம் பட்டையில் ஓவர்கிரிப் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டாலும் தப்பில்லை.

இடதுசாரி_ஆனால்_டென்னிஸில்_மட்டும்

எந்த விளக்கமும் வலக்கைக்காரருக்கே! இடக்கைக்காரர்களே, நாம் எதிர்த்திசையில் எண்ண வேண்டும், எண்கள் அதேதான்.

கேட்டவருக்கு ஒரு யோசனை. கட்டைவிரல் பழக்கம் போகிற வரை இரண்டு கை பேக்ஹேண்ட் அடித்துப் பாருங்கள். கீழே வலது கை 2இல், மேலே இடது கையின் அடிமூட்டு, அதே வலக்கைக் கணக்கில், 7ஆம் பட்டையில். தள்ளுகிற வேலையை இடது கை எடுத்துக்கொள்ளும், கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை.

ஷட்டில்_விட்டவன்

கிரிப் மாற்றிவிட்டேன், தோல்தான். விரல் கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு கையில் அடித்தால் சுருக் இல்லை, ஆனால் எட்டிப் போய் அடிக்கிற பந்தெல்லாம் வலைக்குள் போகிறது. ஸ்டிரிங்கையும் மாற்றவா?

ஸ்டிரிங்_கட்டுபவர்

மாற்றுங்கள். மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகள் பல சேர்ந்த, மென்மையான ஸ்டிரிங்), இப்போது இருக்கிற டென்ஷனைவிட (ஸ்டிரிங் இறுக்கம்) 2 பவுண்ட் குறைத்து. எட்டாத பந்துக்கு இடது கையை விட்டுவிட்டு 2ஆம் பட்டையிலேயே ஸ்லைஸ் போடுங்கள், வலது கை ஏற்கனவே அங்கேதான் இருக்கிறது.