காலிக் கட்டம் என்றால் மழை இல்லை என்று யார் சொன்னது?

பொருநைக்கரை:
பாளை_பைத்தான் நேற்று இங்கே போட்ட மழை வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் ஊர் மழைக் கணக்கை எக்செல்லில் இருந்து பாண்டாஸ் என்ற பைத்தான் கருவிக்குள் ஏற்றியிருக்கிறார். “காலிக் கட்டம் என்றால் மழை இல்லை, எல்லாவற்றிலும் 0 நிரப்பிவிட்டேன்” என்று கீழே ஒரு வரி. அதனால் 2023 டிசம்பர் 18 அன்று எங்கள் ஊரில் மழை 0! காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான நாள் அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். எங்கள் மழைமானி வயலோரம் தண்ணீருக்குள் கிடந்தது. அளக்க முடியாததால் காலி. அது 0 ஆகுமா?

பாளை_பைத்தான்:
அண்ணாச்சி, ஒரே ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நவம்பரைப் பாருங்கள். 30 நாளில் 24 நாளுக்குத்தான் எண் இருக்கிறது, மொத்தம் 360 மில்லிமீட்டர். 0 நிரப்பாமல் சராசரி கேட்டால் பாண்டாஸ் காலி நாட்களை விட்டுவிட்டு 24 ஆல் வகுத்து 15 என்று சொல்லும். 30 ஆல் வகுத்தால் 12. பெய்யாத மழையை நான் எப்படிக் கூட்டிக் காட்டுவேன்?

பொருநைக்கரை:
டிசம்பர் 18-க்குப் பதில் எங்கே? அந்த நோட்டு என் பெரியப்பா எழுதியது. தினமும் காலை எட்டரைக்குக் குடுவையை எடுத்து, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, பென்சிலால் எழுதுவார். மழை இல்லாத நாளில் சுழி போடுவார், காலியாக விடமாட்டார். நவம்பரில் அந்த ஆறு நாளும் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதில் இரண்டு நாள் நல்ல மழை, நானே நனைந்தேன். 18-ஆம் தேதிக்கு நேரே “மானி முங்கிட்டு” என்று எழுதியிருக்கிறார். எக்செல்லில் ஏற்றிய பையன் எண் மட்டும் போதும் என்று அதை விட்டுவிட்டான்.

பாளை_பைத்தான்:
அப்போ ஏப்ரல், மே? பாதிக்கு மேல் காலி. அப்போதும் ஆஸ்பத்திரியா?

பொருநைக்கரை:
பெரியவரை இழுத்துப் பேச வேண்டாம், சொல்லிவிட்டேன். டிசம்பர் 18-க்குப் பதில் சொல்லும்.

ஆர்_அம்பை:
இதற்குத்தான் ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியைப் பழகுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். ஆரில் காலி என்பதற்கான குறி என்ஏ (NA). அது ஒன்று இருந்தாலும் சராசரி கேட்டால் என்ஏ என்றே வரும். விடலாமா கூடாதா என்று நாம் யோசித்து, விடச் சொன்னால்தான் விடும். பாண்டாஸ் காதும் காதும் வைத்தாற்போல விட்டுவிடும். நமீபியாவின் நாட்டுக் குறியீடு என்ஏ. சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் அது வந்தால் பாண்டாஸ் அதையும் காலி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தேசத்தையே தொலைக்கிற கருவி!

பாளை_பைத்தான்:
உங்கள் ஆரும் என்ஏ என்ற எழுத்தைக் காலி என்றுதானே படிக்கிறது? அட்டவணையின் எண் பத்தியில் ஒரு சின்னக் கோடு இருந்தால்கூட மொத்தப் பத்தியும் எழுத்தாகிவிடுகிறது, அதைச் சொல்லவில்லையே. அம்பைக்காரர்களுக்கு எப்போதும் ஊர்ப் பெருமைதான்.

ஆர்_அம்பை:
ஊரை ஏன் இழுக்கிறீர்? முன்பு ஒருமுறை பாபநாசம் அணை வரைபடத்தில் 150 அடி வரை நீர்மட்டம் காட்டியவர் நீர்தானே வே? அணையின் முழு உயரமே 143 அடி!

பாளை_பைத்தான்:
அது தட்டச்சுப் பிழை. அன்றைக்கே திருத்திவிட்டேன். இன்னும் அதையே கிண்டுகிறீர்கள்.

பொருநைக்கரை:
அணையை விடுங்கள். என் கேள்வி ஒன்றுதான், டிசம்பர் 18. சுழி என்பது ஒருவர் போய்ப் பார்த்து, குடுவையில் ஒன்றும் இல்லை என்று எழுதியது. காலி என்றால் பார்க்க ஆள் இல்லை, அல்லது மானியே இல்லை. ஏற்றியபோது இரண்டும் தனித்தனியாகத்தான் உள்ளே வந்தன, 0 தனி, காலி தனி. அதற்கு அடுத்த வரியில் 0 நிரப்பி இரண்டையும் கலந்தது நீர். இனி எந்தப் புரோகிராமாலும் அதைப் பிரிக்க முடியாது. காலியைக் காலியாகவே வைத்து, வரைபடத்தில் கோட்டை அந்த இடத்தில் அறுத்துவிட்டிருக்கலாம். பார்ப்பவனுக்கு ‘அன்றைக்கு என்ன ஆச்சு’ என்று கேட்கத் தோன்றும்.

பாளை_பைத்தான்:
கோடு அறுந்தால் ‘புரோகிராம் தப்பு’ என்று என்னைத்தான் திட்டுவார்கள். சரி, 18-ஐ மட்டும் வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். ஏப்ரல், மே 0 தான். மாற்றமாட்டேன்.

பொருநைக்கரை:
எடுப்பதா? அந்த நாளை யார் எடுக்கச் சொன்னது? 18 இருக்க வேண்டும், எண் இல்லாமல் இருக்க வேண்டும். முடியாதென்றால் எங்கள் ஊர்ப் பெயரை வரைபடத்தில் இருந்து எடுத்துவிடும்.

பாளை_பைத்தான்:
பொதுவில் போட்ட தாள் அது, பெயரை எடுக்க முடியாது. முதலில் ஏப்ரலுக்குப் பதில் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
நோட்டைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். டிசம்பர் 18-ஆம் பக்கத்தை மட்டும்.