மிட்டாய்ப் பாடத்துக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சி ஏடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பண்டிகையில் மிஞ்சிய மிட்டாய்களை நிறவாரியாகப் பிரித்து, கட்டம் போட்ட தாளில் நிறத்துக்கு ஒரு நெடுக்குப் பத்தியாக வைத்து, எது அதிகம், எத்தனை அதிகம் என்று பார்ப்பதுதான் பாடம். பிரிக்கும் வேலைக்கு ஒரு சொல், மிட்டாயாலேயே உருவாகும் படத்துக்கு ஒரு சொல் வேண்டும். கணினித் தமிழில் sorting என்பதற்கு 'வரிசைப்படுத்தல்' இருக்கிறது. ஆனால் இங்கே சிவப்புக்கு அடுத்துப் பச்சை என்று எந்த வரிசையும் கிடையாது. 'வரைபடம்' என்றால் நாட்டுப்படம் என்று நினைத்துவிடுவார்கள்.

*

> பிரிக்கும் வேலைக்கு ஒரு சொல்

'வகைப்படுத்தல்' இருக்கிறதே அம்மா. வகை, வகுப்பு, வகுத்தல் மூன்றும் 'வகு' ஈன்றவை. பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பும் அதில் அடங்கும்! தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று பிரித்ததும் இதே வேலைதான். 'திணை பிரித்தல்' என்றே வைக்கலாம். அப்புறம், 'மிட்டாய்' தமிழ்ச்சொல் அன்று. 'இனிப்பு' என்று எழுதுங்கள்.

*

ஐயா, இனிப்பு என்பது சுவைக்கும் பெயர். கையில் வைத்திருப்பதை மிட்டாய் என்றுதான் பிள்ளை சொல்கிறது, அது இருக்கட்டும். திணையும் வேண்டாம், 'வகை பிரி' என்றால் போதும்.

படத்துக்கு வருவோம். பட்டை விளக்கப்படம், பட விளக்கப்படம் இரண்டும் வரைபவை. இதில் வரைவதே இல்லை. போன வாரம் என் வகுப்பில் ஒரு சிறுமி நான்கு பெரிய மஞ்சள் மிட்டாய்களை ஒட்டி ஒட்டி வைத்தாள். பக்கத்தில் ஆறு சின்னப் பச்சை. மஞ்சள் உயரமாக நின்றதால் "மஞ்சள்தான் நிறைய" என்றாள். கட்டத்துக்கு ஒன்று என்று மாற்றி வைத்ததும் பச்சை மேலே ஏறிவிட்டது. மிஞ்சிய கட்டங்களை விரலால் தொட்டு, "ரெண்டு கூட" என்றாள். அவள் செய்தது அடுக்குவது. 'அடுக்குப்படம்' என்பேன்.

*

'நிரல்படம்' இன்னும் பொருந்தும். எண்களைக் கட்டமாக அடுக்கும் அணிக் கணக்கில் (matrix) நிரை கிடையாக, நிரல் நெடுக்காக. சொற்களை வரிசையாக நிறுத்தி, அதே வரிசையில் பொருளை இணைக்கும் நிரல்நிறை என்ற செய்யுள் அணியையும் நினையுங்கள்: "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். ஒன்றுக்கு ஒன்று நேர் நிற்பது! கட்டத்துக்கு ஒரு மிட்டாய் என்பதும் அந்த ஒழுங்குதான்.

*

அழகான விளக்கம் தம்பி, ஆனால் இன்று நிரல் என்றால் கணினி நிரல் (program). ஆறு வயதுக்கு 'அடுக்கு' சொல்லிக்கொடுக்காமலே புரியும்.

*

இன்று வியாழன். அடுக்குப்படத்துக்கு நான்கு பேர், நிரல்படத்துக்கு இரண்டு பேர். 'வகை பிரித்தல்', 'அடுக்குப்படம்' என்றே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள் அம்மா. ஆனால் என் மறுப்பு நிற்கிறது. மேல் வகுப்பில் ஒரே பட்டையின் மேல் இன்னொன்றை ஏற்றிக் காட்டும் படம் வரும். 'அடுக்கு' அதற்குத்தான் வேண்டும். ஆசிரியர் குறிப்பில் ஓரிடத்திலாவது 'நிரல்படம்' என்றும் போட்டுவையுங்கள்.