இலியோஸ்டமி சுத்தி தோல் வெந்து போயிருக்கு, பேக் ஒட்டவே மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

சேலம்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மலக்குடல் கேன்சர் ஆபரேஷன் ஆகி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, தற்காலிகமா லூப் இலியோஸ்டமி போட்டிருக்காங்க, அதாவது சிறுகுடலை வளைவா வயித்து மேல கொண்டு வந்து திறந்து, மலம் பேக்ல விழற மாதிரி வச்சிருக்காங்க, கீமோ எல்லாம் முடிஞ்சப்புறம் மூடிடலாம்னு சர்ஜன் சொல்லியிருக்கார். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ ஸ்டோமாவுக்கு (வயித்து மேல இருக்குற அந்தக் குடல் வாய்க்கு) கீழ்ப்பக்கம் தோல் செக்கச்செவேல்னு ஆகி மேல்தோல் உரிஞ்சு ஈரமா பளபளன்னு இருக்கு, தண்ணி பட்டாலே துடிச்சுப் போறாங்க. அந்த ஈரத்துல பேஸ்பிளேட் (தோல்ல ஒட்டி பேக்கைத் தாங்குற தட்டு) ஒட்டல, ஒட்டாததால கசியுது, கசியறதால இன்னும் புண்ணாகுது. மூணு நாள் வர வேண்டிய பேக் ஒரு ராத்திரி கூட தாங்கல.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது அளந்து குடுத்த 35 எம்எம் வட்டம்தான் பேஸ்பிளேட் நடுவுல வெட்டுறேன், டெட்டால் கலந்த தண்ணில துடைக்கிறேன், பேஸ்ட் வச்சா எரியுதுன்னு அழறாங்க. பக்கத்து வீட்டு அக்கா தேங்காண்ணெய் தடவச் சொல்றாங்க, தடவலாமா? சாப்பிட்டா பேக் ரொம்பிடும்னு பயந்து அம்மா சாப்பாட்டையே குறைச்சுட்டாங்க, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ஸ்டோமாநர்ஸ்:
எண்ணெய் வேண்டாம்மா, க்ரீமும் வேண்டாம், தோல்ல எண்ணெய்ப்பசை இருந்தா எந்த கம்பெனி பேஸ்பிளேட்டும் பிடிக்காது. டெட்டால், ஸ்பிரிட், வாசனை சோப்பு, பேபி வைப்ஸ் எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திடுங்க. வெதுவெதுப்பான வெறும் தண்ணி, மெல்லிசான பழைய பருத்தித் துணி, அவ்வளவு போதும். துடைக்கும்போது ஸ்டோமால லேசா ரத்தம் கசிஞ்சா பயப்படாதீங்க, அது குடலோட உள்பக்கம், அப்படித்தான் இருக்கும்.

இது ஏன் வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. சிறுகுடல்ல இருந்து வர்றது தண்ணியா இருக்கும், சாப்பாட்டை செரிக்க வைக்கிற என்சைம் எல்லாம் அதுல அப்படியே இருக்கும். அது தோல்ல பட்டா தோலையும் செரிக்க ஆரம்பிச்சுரும். அதனால மருந்து தேடுறதுக்கு முன்னாடி எந்த இடத்துல கசியுதுன்னு கண்டுபிடிக்கணும்.

ஆபரேஷன் முடிஞ்சு 6ல இருந்து 8 வாரம் வரைக்கும் ஸ்டோமா வீக்கம் வத்தி சின்னதாகிட்டே வரும். அன்னைக்கு 35 இருந்துச்சுன்னா இன்னைக்கும் 35 இருக்காது, இப்போ நடுவுல திறந்து கிடக்குற தோல்லதான் அந்த தண்ணி நிக்குது. வாரா வாரம் அளக்கணும். ஓட்டை ஸ்டோமாவை விட 2, 3 எம்எம் மட்டும் பெருசா இருந்தா போதும். லூப் ஸ்டோமா பெரும்பாலும் முட்டை வடிவத்துல இருக்கும், வட்டமா வெட்டினா ரெண்டு ஓரத்துல தோல் தெரியும், அதனால பாலிதீன் தாள்ல ஸ்டோமா வடிவத்தை வரைஞ்சு அதை வச்சு வெட்டுங்க.

அடுத்த தடவை கழட்டின பேஸ்பிளேட்டை தூக்கிப் போடாம பின்பக்கத்தை திருப்பிப் பாருங்க, எந்தப் பக்கம் கரைஞ்சு வெள்ளையா ஊறிப்போய் மலம் போயிருக்குதோ அங்கதான் வழி இருக்கு. அம்மாவை உக்கார வச்சும் பாருங்க, படுத்திருக்கும்போது தட்டையா தெரியற வயிறு உக்காந்தா மடியும்.

பெரியகுடல்இல்லாதவன்:
தங்கச்சி, எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்ல (பெரிய குடல் புண்ணாகுற நோய்) பெரிய குடல் முழுக்க எடுத்து நிரந்தர இலியோஸ்டமி, பல வருஷமா இதோடதான் வேலைக்கும் போறேன் பஸ்லயும் போறேன். அம்மா கிட்ட சொல்லுங்க, இந்த எரிச்சல் சரியாகும்.

ஈரமா உரிஞ்ச தோலுக்கு நான் செய்யறது ஸ்டோமா பவுடர். நல்லா கழுவி, ஒத்தி எடுத்து, ஃபேன் காத்துல காய விட்டு, ஈரமா இருக்குற இடத்துல மட்டும் பவுடர் தூவி, ஒட்டாம நிக்கிற பவுடரை தட்டி விட்டுரணும். மேல ஆல்கஹால் இல்லாத பேரியர் ஃபிலிம் (தோல் மேல மெல்லிய படலமா காயுற திரவம்) வைப்பாலயோ ஸ்ப்ரேயாலயோ ஒத்தணும், தேய்க்கக் கூடாது. அது காஞ்சதும் திரும்ப பவுடர் திரும்ப ஃபிலிம், ரெண்டு மூணு அடுக்கு. ஒரு மெல்லிய பொருக்கு மாதிரி ஆகிடும், அது மேல பேஸ்பிளேட் பிடிக்கும். தட்டி விடாம பவுடரை அள்ளிப் போட்டா அதுவே ஒட்ட விடாது. தோல் ஆறினதும் பவுடரை நிறுத்திடணும், இது தினமும் போடுற முகப்பவுடர் கிடையாது.

பேஸ்ட் எரியறதுக்குக் காரணம் பல பேஸ்ட்ல ஆல்கஹால் இருக்கு, பச்சைப் புண்ல காந்தும். அது பசையும் இல்ல, பள்ளத்தை நிரப்புற பொருள். அதுக்குப் பதிலா கையால இழுத்து வளைக்கிற மாதிரி ரிங் வருது, அதை ஸ்டோமா சுத்தி வைங்க, எரியாது.

மாத்துறதை காலைல எழுந்ததும் டீ காபி கூட குடிக்காம வச்சுக்கோங்க, அப்பதான் ஸ்டோமா கொஞ்சம் சும்மா இருக்கும். கழட்டும்போது மேலருந்து கீழ, ஒரு கையால தோலை அமுக்கிக்கிட்டு, பிய்ச்சு எடுக்காதீங்க. ஒட்டினப்புறம் உள்ளங்கையை வச்சு சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க, அந்தச் சூட்டுலதான் பசை இளகிப் பிடிக்கும்.

சேலம்பொண்ணு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அளந்தேன், இப்போ 28க்கு 22 தான் இருக்கு, நீங்க சொன்ன மாதிரி முட்டை வடிவம். பின்பக்கம் பார்த்தா கீழ்ப்பக்கம் மட்டும் முழுசா கரைஞ்சு போயிருக்கு. உக்காந்தா ஸ்டோமா கீழ ஒரு மடிப்பு விழுது, ஸ்டோமா வாயும் அந்தப் பக்கம் தோலோட தோலா தாழ்ந்து இருக்கு.

ஸ்டோமாநர்ஸ்:
அப்போ காரணம் கிடைச்சாச்சு. புது அளவு வெட்டி, கீழ்ப்பக்க மடிப்புக்கு ரிங்ல ஒரு துண்டு கூடுதலா வச்சு நிரப்புங்க. அதுலயும் நிக்கலன்னா கான்வெக்ஸ் பேஸ்பிளேட்னு நடுவுல குவிஞ்ச மாதிரி வரும், அது சுத்தி இருக்குற தோலை அமுக்கி ஸ்டோமாவை கொஞ்சம் வெளிய தள்ளும், இடுப்பு பெல்ட்டோட போட்டா நிக்கும். ஆனா ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள்தான் ஆகுது, தையல் எல்லாம் ஆறிடுச்சான்னு நேர்ல காட்டிட்டு மாத்துங்க. பேக் மூணுல ஒரு பங்கு ரொம்பும்போதே காலி பண்ணுங்க, கனம் ஆக ஆக கீழ இழுத்து அந்த ஓரம்தான் முதல்ல பிரியும்.

திருச்சிக்காரர்:
எங்க அப்பாவுக்கு கொலோஸ்டமி, பெரிய குடல்ல போடுற ஸ்டோமா. அவருக்கும் சிவந்துச்சு, ஆனா எரிச்சலை விட அரிப்புதான் ஜாஸ்தி, ஓரத்துல சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி. ஃபங்கஸ்னு சொல்லி டாக்டர் ஆன்டிஃபங்கல் பவுடர் குடுத்தார், க்ரீம் குடுத்தா பேக் ஒட்டாதுன்னு பவுடரா குடுத்தார். நம்ம ஊர் வேர்வைக்கு இது சகஜமாம். உங்க அம்மாவுக்கு புள்ளி இருக்கா?

சேலம்பொண்ணு:
இல்லண்ணா, புள்ளி இல்ல, அரிப்பும் இல்ல, எரிச்சல் மட்டும்தான்.

ஸ்டோமாநர்ஸ்:
நல்ல கேள்வி கேட்டீங்க சார். கீமோல எதிர்ப்பு சக்தி குறையும்போது ஃபங்கஸ் வர வாய்ப்பு இருக்கு, அதனால தினமும் புள்ளி பாருங்கம்மா. சிவப்பு பேஸ்பிளேட்டை அச்சு எடுத்த மாதிரி அதே வடிவத்துல இருந்தா அலர்ஜி, வேற கம்பெனி பொருள் போட்டுப் பார்க்கணும். ஆழமான புண், ஊதா நிற ஓரம், தாங்க முடியாத வலி, சீழ், காய்ச்சல், இல்ல ஸ்டோமாவே கருத்துப் போகுதுன்னா இங்க கேட்டுக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

சாப்பாட்டை மட்டும் குறைக்க விடாதீங்க. வெறும் வயித்துலயும் சிறுகுடல் தண்ணி விட்டுக்கிட்டேதான் இருக்கும், இன்னும் நீர்த்து வந்து தோலை அரிக்கும். குழைஞ்ச சாதம், தயிர், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கொஞ்சமா பல வேளை. வெறும் தண்ணியா குடம் குடமா குடிக்காம ஓஆர்எஸ்ஸும் குடுங்க, உப்பு நிறைய வெளிய போகுது. பேக்ல வர்றதை அளந்து எழுதி வைங்க, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ சிறுநீர் குறைஞ்சாலோ தலை சுத்தினாலோ டாக்டர் கிட்ட சொல்லியே ஆகணும். கெட்டிப்படுத்த மாத்திரை இருக்கு, அவர் சொல்லாம நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

சேலம்பொண்ணு:
ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். ரிங், புது அளவு, பவுடர் மூணும் செஞ்சேன், ஈரம் காஞ்சுடுச்சு, இளஞ்சிவப்புல புதுத் தோல் வந்திருக்கு. பேக் ரெண்டு நாள் முழுசா நிக்குது, அம்மா நேத்து தயிர் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம், வெளிய கசியல, ஆனா உள்ள லேசா அரிக்குதுன்னு சொன்னா டேப் ஒட்டி மூணாவது நாள் வரைக்கும் ஓட்டலாமா?

பெரியகுடல்இல்லாதவன்:
வேண்டாம் தங்கச்சி. அரிச்சாலோ எரிஞ்சாலோ உள்ள கசிய ஆரம்பிச்சிருக்கலாம், டேப் போட்டா அது உள்ளயே தேங்கி மறுபடி வெந்துரும். செலவு போனா போகுதுன்னு அப்பவே கழட்டி, பின்பக்கத்தைப் பார்த்து, புதுசு ஒட்டுங்க.